ஆல்கஹால் என்ற பெயரைப் பார்த்துப் பயப்படலாமா?

கேள்வி: என் மாய்ஸ்சரைசர் டப்பாவில் மூன்றாவது பொருளாகவே ‘சீட்டரைல் ஆல்கஹால்’ என்று போட்டிருக்கிறது. வறண்ட சருமத்துக்கு ஆல்கஹால் ஆகாது என்கிறார்களே, தூக்கிப் போட்டுவிடவா?

பதில்: வேண்டாம், தாராளமாகத் தடவுங்கள். வறட்சியைக் கூட்டுவது எத்தனால் வகை. தோலில் பட்டதும் ஜில்லென்று ஆவியாகிப் போகுமே, அது. பட்டியலில் பெரும்பாலும் ‘ஆல்கஹால் டெனாட்’ என்று இருக்கும். உங்கள் டப்பாவில் இருப்பது கொழுப்பு ஆல்கஹால். 16 கார்பன் கொண்ட சீட்டைலும் 18 கார்பன் கொண்ட ஸ்டியரைலும் கலந்த வெள்ளை மெழுகு, சூடாக்கினால்தான் உருகும், ஆவியாகிற பேச்சே இல்லை.

தோலின் மேலடுக்கில் தட்டையான செல்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன, அவற்றின் இடுக்கை செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் நிரப்பியிருக்கின்றன. அடிக்கடி சோப்புப் போட்டு இந்தக் கொழுப்பு கரைந்துபோனால் செல்களின் ஓரம் தூக்கிக்கொள்ளும். விரலால் தடவினால் சொரசொரவென்று இருப்பது அதுதான். எமோலியன்ட், அதாவது சீட்டரைல் ஆல்கஹால் மாதிரி தோலை மிருதுவாக்கும் பொருள், அந்த இடுக்கில் இறங்கி ஓரங்களைப் படிய வைக்கிறது, அதனால்தான் தடவிய மறுநிமிடமே வழுவழுப்பு. ‘ஈரம் ஏறிவிட்டது’ என்று அதை நம்பிவிடுகிறோம்! ஈரத்தை இழுத்துப் பிடிப்பது கிளிசரின் மாதிரியான பொருள், அந்த ஈரம் வெளியேறாமல் மூடிவைப்பதில் கெட்டிக்காரத்தனம் பெட்ரோலியம் ஜெல்லிக்கு. நல்ல கிரீமில் மூன்று வகையும் இருக்கும். அபூர்வமாகச் சிலருக்கு சீட்டரைல் ஆல்கஹால் ஒவ்வாமை தரும். அரிப்போ சிவப்போ வந்தால் மட்டும் நிறுத்துங்கள்.

கேள்வி: வெயிலில் வைத்திருந்த லோஷனில் எண்ணெய் பிரிந்து மிதக்கிறது. குலுக்கிப் பயன்படுத்தலாமா?

பதில்: தூக்கிப் போட வேண்டியது இதைத்தான். லோஷன் என்பது தண்ணீரில் எண்ணெய்த் துளிகள் மிதக்கும் பால்மம். இரண்டும் பிரியாமல் இருக்கச் சேர்க்கும் பால்மமாக்கியின் (எமல்சிஃபையர்) ஒரு முனைக்குத் தண்ணீர் பிடிக்கும், மறுமுனைக்கு எண்ணெய் பிடிக்கும், அதனால் அது இரண்டுக்கும் நடுவே ஒவ்வொரு துளியைச் சுற்றியும் வேலி கட்டி நிற்கிறது. அந்தத் துளிகள் ஒளியைச் சிதறடிப்பதால்தான் நிறமில்லாத எண்ணெயும் தண்ணீரும் சேர்ந்து பால் மாதிரி வெள்ளையாகத் தெரிகின்றன. சூட்டில் வேலி தளர்ந்து துளிகள் ஒன்றோடொன்று கலந்து பெரிதாகிவிட்டால், அப்புறம் கையால் எவ்வளவு குலுக்கினாலும் பழைய பருவத்துக்கு வராது. கிருமி வளராமல் தடுக்கும் பதப்படுத்திப் பொருளும் சரியாகப் பரவியிருக்காது, தண்ணீர் உள்ள பொருளாச்சே, கிருமிக்குக் கொண்டாட்டம். சன்ஸ்கிரீன் பிரிந்திருந்தால் இன்னும் மோசம்: ஓரிடத்தில் மருந்து தடிப்பாகவும் பக்கத்திலேயே ஒன்றுமில்லாமலும் படியும், நீங்கள் பாதுகாப்பாக இருப்பதாக நினைத்துக்கொண்டு வெயிலில் நிற்பீர்கள்.

கேள்வி: பால்மமாக்கியே தோலைக் கெடுக்கும் என்கிறார்களே?

பதில்: எல்லாம் ஒன்றல்ல. சோடியம் லாரில் சல்பேட் கொஞ்சம் முரடு. ‘அக்வஸ் கிரீம்’ என்ற பழைய மருந்துக் கிரீமில் அது ஏறக்குறைய 1 சதவீதம் இருக்கும். எக்ஸிமா என்ற தோல் அழற்சி உள்ளவர்களுக்கு, முக்கியமாகக் குழந்தைகளுக்கு, அந்தக் கிரீம் எரிச்சல் தரலாம் என்று பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2013இல் எச்சரித்தது. கிளிசரில் ஸ்டியரேட் போன்றவை பொதுவாகச் சாது. தண்ணீரே சேராத தைலம், பாம் (balm) வகைகளுக்கு பால்மமாக்கி தேவையே இல்லை, பிசுபிசுப்பைப் பொறுத்துக்கொள்ள முடிந்தால் சரி.