லேசர் பவரைக் கூட்டலாமா?

கேள்வி: ரோபோ கைகளும் லேசரும் சேர்ந்த சிற்பங்கள் செய்கிறேன். முதல்முறையாக ஒரு பொதுச் சதுக்கத்தில் வைக்க அழைப்பு வந்திருக்கிறது. ஒத்திகையில் மக்கள் பத்து நொடி நின்று, படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஒரு சிறுவன் இழுத்ததில் கியரும் உடைந்தது. மோட்டார்களைக் கூட்டி, பவர் அதிகமான லேசர் போடட்டுமா?

பதில்: வேண்டாம். மோட்டார், லேசர் பற்றியெல்லாம் எழுதியிருக்கிறீர்கள். ஒருவர் கிட்டே வந்தால் சிற்பம் என்ன செய்யும் என்று ஒரு வரிகூட இல்லையே. சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

1970-இல் நெதர்லாந்தின் ஐந்தோவன் நகரில் எட்வர்ட் இஹ்னாடோவிச் என்ற சிற்பி 'சென்ஸ்டர்' என்ற சிற்பத்தை வைத்தார். எஃகுக் குழாய்களை இணைத்துச் செய்த பெரிய உருவம். தலையில் நான்கு மைக்குகள், அசைவை உணர ரேடார். மெதுவாகப் பேசினால் தலையைத் தாழ்த்தி அருகே வரும். கத்தினாலோ சட்டென்று கையை வீசினாலோ பின்வாங்கிவிடும். இந்தச் சில விதிகள் போதும், பார்ப்பவர்களுக்கு அது உயிருள்ள பிராணியாகவே தெரிந்தது.

உங்கள் ரோபோ கையும் அப்படி ஒருவரைக் கவனிக்கட்டும். ஆள் வந்த உடனே, தாமதமே இல்லாமல், ஒரு சின்னத் திரும்பல். பெரிய அசைவு நிதானமாக வரலாம். அப்புறம் மக்களின் முகத்தை விட்டுவிட்டுக் கால்களைப் பாருங்கள். 'இது எனக்காகத்தான் திரும்பியதா?' என்று சந்தேகம் வந்தவர் ஓர் அடி பின்னால் போய், மறுபடி முன்னால் வந்து பார்ப்பார். அந்த ஓர் அடிக்காகத்தான் நீங்கள் வேலை செய்கிறீர்கள்.

லேசர் விஷயத்தில் மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். லேசர்களை ஆபத்தின் அளவை வைத்து வகுப்புகளாகப் பிரித்திருக்கிறார்கள். 1 மில்லிவாட்டுக்கு உட்பட்ட இரண்டாம் வகுப்பு லேசர் தவறிக் கண்ணில் பட்டால், கால் நொடிக்குள் இமை மூடிக் காப்பாற்றிவிடும். அதைவிட மிக ஆபத்தான 3பி, 4 ஆகிய வகுப்புகளில் இமை மூடுவதற்குள்ளேயே விழித்திரை சுட்டுப்போகலாம். அதனால் கதிர் தலைக்கு நன்றாக மேலே போய், பளபளப்பில்லாத பரப்பில் முடியட்டும். மழை நனைத்த உலோகமும் கண்ணாடிபோலப் பிரதிபலிக்கும், மறக்காதீர்கள். கதிரை ஆட்டும் கண்ணாடி நின்றுபோனால் முழுப் பவரும் ஒரே புள்ளியில் குவியும். அந்தக் கணமே லேசர் அணைகிற ஏற்பாடு கட்டாயம் வேண்டும். வானத்தை நோக்கி விடுவதானால் விமானப் போக்குவரத்துத் துறையிடம் முதலில் பேசிவிடுங்கள். லேசர் பாதுகாப்பு தெரிந்த ஒருவர் நேரில் சோதித்துச் சரி சொல்லும்வரை சிற்பத்தை மக்களுக்குத் திறக்காதீர்கள்.

அந்தச் சிறுவன் மேல் கோபப்படாதீர்கள். சதுக்கத்தில் பிள்ளைகள் இழுக்கத்தான் செய்வார்கள், தொங்கவும் செய்வார்கள். அளவுக்கு மீறி இழுத்தால் தானே நழுவிக்கொடுக்கும் கிளட்ச் ஒன்றை மூட்டில் வையுங்கள். விரல் சிக்கும் இடுக்குகளை மூடி, அவசரத்துக்கு நிறுத்தும் பொத்தானைக் கைக்கெட்டும் இடத்தில் பொருத்துங்கள்.

உடைந்த கியரைத் தூக்கிப் போட்டுவிடவில்லையே? எந்தப் பக்கத்துப் பல் தெறித்திருக்கிறது என்று பாருங்கள், அவன் எந்தத் திசையில் இழுத்தான் என்று தெரியும். கிளட்ச் வேலையை அங்கிருந்தே தொடங்கலாம்.