காசிமேட்டிலிருந்து வந்த அண்ணனுக்கு

அண்ணே, சனிக்கிழமை உங்கள் மகள் நோட்டில் வரைந்து காட்டியதைப் பார்த்து, "சூரியனுக்குச் சுருட்டை முடி வரையவா பிளஸ் டூ படிக்க வெச்சேன்?" என்று கேட்டீர்கள். இன்ஜினியரிங் வேண்டாம், சூரிய ஆராய்ச்சிதான் என்கிறாளே, அதில் சம்பளம் வருமா என்றும் கேட்டீர்கள். அந்தச் சுருட்டை உங்களுக்குப் புதிதில்லை. துறைமுகத்தில் காற்று தண்ணீரை உரசிக்கொண்டு ஓடும்போது அலை எழும்புகிறதே, அதே கணக்குதான். பக்கம் பக்கமாக இரண்டு ஓட்டம் வெவ்வேறு வேகத்தில் போனால் நடு எல்லை நெளிந்து சுருளும். கெல்வின்-ஹெல்ம்ஹோல்ட்ஸ் நிலையின்மை என்பார்கள். சூரிய வளிமண்டலத்தில் நூல் நூலாக நிற்கும் பிளாஸ்மாவிலும், அதாவது மின்னேற்றம் பெற்ற சூடான வாயுவிலும், இது உண்டு. ஆனால் அங்கே காந்தப்புலம், இழுத்துக் கட்டிய வலைக்கயிறு மாதிரி, சுருளவிடாமல் பிடிக்கும். கயிறு எப்போது தோற்கிறது என்பதுதான் ஆராய்ச்சி. சூரியப் பரப்பில் சுமார் 5,500 டிகிரி, அதற்கு வெளியே கொரோனா என்கிற வெளி வளிமண்டலத்தில் 10 லட்சத்துக்கும் மேல். அடுப்பை விட்டு விலக விலகச் சூடு ஏறுவது ஏன் என்பதற்கு இந்தச் சுருள்களும் ஒரு துப்பு.

சரி, சம்பளத்துக்கு வருவோம். பி.எஸ்சி. இயற்பியலுக்கு வண்ணாரப்பேட்டை தியாகராயா கல்லூரியோ, பிராட்வே பாரதி மகளிர் கல்லூரியோ போதும். அப்புறம் ஜாம் தேர்வு எழுதி எம்.எஸ்சி., அதன்பின் பிஎச்.டி. சேர ஜெஸ்ட், கேட் அல்லது நெட் தேர்வு. பெங்களூரு இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் கையில்தான் கொடைக்கானல் சூரிய ஆய்வகம் இருக்கிறது. சூரியன் மேல் தெரியும் கரும்புள்ளியில் வாயு வெளிப்பக்கமாக ஓடுவதை எவர்ஷெட் என்ற வானியலாளர் 1909-ல் கண்டது அங்கேதான். 2023 செப்டம்பர் 2-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சூரியனை ஆராயப் போன ஆதித்யா-எல்1 விண்கலம், அதன் புகையை மொட்டை மாடியிலிருந்து பார்த்ததாக உங்கள் மகள் சொன்னாளே, அதில் கொரோனாவைப் பார்க்கும் கருவியைச் செய்தவர்களும் இந்த பெங்களூரு நிறுவனத்தார்தான்.

நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்கிற இளநிலை ஆய்வாளர் தகுதி கிடைத்து பிஎச்.டி. சேர்ந்தால், 2023-ல் உயர்த்திய கணக்குப்படி மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை. ஆனால் நிரந்தர இடங்கள் குறைவு, பட்டம் வாங்கிய பிறகும் சில வருடம் ஒப்பந்தத்தில் ஊர் ஊராகப் போக வேண்டி வரும். இதை மறைக்கிற ஆலோசகரை நம்பாதீர்கள். ஆராய்ச்சி ஒத்துவராவிட்டால், அதற்காகப் பழகிய பைத்தான் கணினி மொழியும் கணக்கும் மென்பொருள் நிறுவனத்தில் சோறு போடும்.

அன்று நீங்கள் டீ குடிக்கப் போனபோது அவளுக்கு வகைக்கெழுக் கணக்கு ஒன்று கொடுத்தேன். இருபது நிமிடம் தப்பாகப் போட்டாள், தானே அடித்தாள், மறுபடி போட்டாள். என் முகத்தை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

இன்ஜினியரிங் முன்பணத்தைத் திங்கள் வரை நிறுத்தி வையுங்கள். அண்ணியையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், பேசுவோம்.