ஸ்கேன் எல்லாம் நார்மல் என்கிறார்கள், அடிவயிற்று வலி மட்டும் விடவில்லை. என்ன செய்வது?

ஸ்கேனில் தெரிவது கட்டி, நீர்க்கட்டி, கல், வீக்கம் மாதிரியான விஷயங்கள். தசை இறுகிக் கிடப்பதும் நரம்பு சீண்டப்பட்டிருப்பதும் அதில் தெரியாது. எண்டோமெட்ரியோசிஸ்கூட (கருப்பை உள்சவ்வு போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளர்வது) வயிற்றின் உள்சவ்வில் மேலாகப் படர்ந்திருந்தால் அல்ட்ராசவுண்டுக்கும் எம்ஆர்ஐக்கும் பெரும்பாலும் தப்பிவிடும். அதனால் 'ஸ்கேன் நார்மல்' என்பதை 'வலி பொய்' என்று யாரும் மாற்றிச் சொல்ல விடாதீர்கள். "குழந்தை பிறந்தா சரியாயிடும்" என்பதைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது.

என் வலிக்கு விடை கிடைத்தது ஒரு பிசியோதெரபிஸ்ட்டின் விரலில். என் சம்மதத்தோடு, கையுறை போட்ட ஒரு விரலால் யோனிக்குள் இடப்பக்கச் சுவரை மெதுவாக அழுத்தி, "இந்த இடமாம்மா?" என்றார். கருப்பையில் என்று நான் நம்பியிருந்த அதே வலி, தொடை வரை இழுத்தது. "பல்லைக் கடிக்கிற மாதிரி கீழேயும் இறுக்கிப் பிடிச்சிருக்கீங்க" என்றார். இடுப்பின் அடித்தளத் தசைகள் (பெல்விக் ஃப்ளோர்) தளரவே மறந்திருந்தன. கெண்டைக்கால்களை நாற்காலியில் தூக்கி வைத்து மல்லாந்து படுத்து, மூச்சை வயிறு வரை இழுத்து, கீழே தளர விடுவதுதான் முதல் பயிற்சி. மெதுவாகத்தான் குறைந்தது, ஆனால் குறைந்தது. யூடியூப் பார்த்து கீகல் (இந்தத் தசைகளை இறுக்கி விடும் பயிற்சி) செய்யாதீர்கள். ஏற்கெனவே இறுகிய தசையை அது இன்னும் இறுக்கும்.

உங்களுக்கும் இதுவேதான் காரணம் என்று சொல்லவில்லை. வலி எப்போது கூடுகிறது, எப்போது குறைகிறது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். சிறுநீர் சேரச் சேரக் கூடி, போனதும் குறைந்தால் சிறுநீர்ப்பையைப் பார்க்க வேண்டும். மலம் கழித்ததும் மாறினால் குடல். மாதவிடாயை ஒட்டி ஏறினால் எண்டோமெட்ரியோசிஸாக இருக்கலாம். உட்கார்ந்தால் எரிந்து, எழுந்தால் தணிந்தால் புடெண்டல் நரம்பு (பிறப்புறுப்பு, ஆசனவாய்ப் பகுதிக்குப் போகும் நரம்பு). மல்லாந்து படுத்து, வலிக்கும் இடத்தை விரலால் அழுத்தியபடி தலையைத் தூக்கும்போது வலி கூடினால், அது வயிற்றுச் சுவரிலிருந்து வருவதாக இருக்கலாம்.

மாத்திரை விஷயத்தில் ஒன்று. குறைந்த அளவு அமிட்ரிப்டிலின் கொடுத்தால் 'மனநோய் மாத்திரை' என்று பயப்படாதீர்கள். நரம்பு வலிக்கும் அதைக் கொடுப்பது வழக்கம். நரம்பு வலிக்குக் கொடுக்கும் இன்னொரு மருந்தான கேபாபென்டின் பற்றி மட்டும் டாக்டரிடம் கேளுங்கள். லேப்ராஸ்கோப்பியில் (வயிற்றில் சிறு துளையிட்டு கேமராவால் பார்ப்பது) காரணம் எதுவும் தெரியாத 306 பெண்களிடம் பிரிட்டனில் நடத்திய ஆய்வில் (2020) அது வெற்று மாத்திரையைவிட வலியைக் குறைக்கவில்லை, பக்கவிளைவுதான் கூடுதல்.

அடுத்த முறை போகும்போது இன்னொரு ஸ்கேன் கேட்காதீர்கள். "தசையைக் கையால் பரிசோதித்துப் பார்க்க முடியுமா, பெல்விக் ஃப்ளோர் பிசியோவுக்கு எழுதித் தருவீர்களா?" என்று கேளுங்கள். கல்யாணம் ஆகாதவர் என்றால் நம்மூரில் உள்பரிசோதனையைப் பெரும்பாலும் தவிர்த்துவிடுவார்கள். வேண்டுமா வேண்டாமா என்பது உங்கள் முடிவு, வேண்டாமென்றால் வெளியிலிருந்தும் ஓரளவு பார்க்கலாம்.

திடீரென்று தாங்க முடியாத வலி, காய்ச்சல், மாதவிடாய் தள்ளிப்போய் வலி, மாதவிடாய் நின்றபின் ரத்தப்போக்கு, இதில் எது வந்தாலும் நோட்டை மூடி வைத்துவிட்டு அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.