கினிப் பன்றிகளுக்குப் பெரிய இடம் கேட்டால் வீட்டில் திட்டுகிறார்கள். எப்படிச் சம்மதிக்க வைப்பது?

நீங்கள் படிக்கிற வயதில், அப்பா அம்மாவோடு இருப்பவர் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். கினிப் பன்றி பெயரில்தான் பன்றி, எலியைப் போலக் கொறிக்கிற சின்னப் பிராணி. கடையில் கொடுத்த கூண்டைவிடப் பெரிதாக வேண்டும் என்றதும், "இத்தனூண்டு பிராணிக்கு இவ்வளவு இடமா?" என்று கேட்டிருப்பார்கள். எங்கள் வீட்டிலும் அதே வார்த்தைதான்.

முதலில் அளவைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு கினிப் பன்றிகளுக்குக் குறைந்தது 7.5 சதுர அடித் தரை வேண்டும். 10.5 இருந்தால் நல்லது. உயரம் கணக்கில் வராது. இவை ஏறுகிற பிராணி இல்லை, ஓடுகிற பிராணி. "ஒன்றை யாருக்காவது கொடுத்துவிடு, இந்தக் கூண்டே போதும்" என்று பேரம் பேசுவார்கள். தயவுசெய்து ஒத்துக்கொள்ளாதீர்கள். கூட்டமாக வாழ்கிற இனம் இது. சுவிட்சர்லாந்தில் ஒன்றை மட்டும் தனியாக வளர்ப்பதைச் சட்டமே அனுமதிப்பதில்லை.

என்னிடம் இருப்பவை பஞ்சு, மிளகு. இரண்டும் பெண். சின்னக் கூண்டில் இருந்தபோது மிளகு கம்பியைக் கடித்துக்கொண்டே இருப்பாள், பஞ்சு பக்கத்தில் வந்தால் பல்லை நறநறப்பாள். அப்பா இடம் இல்லை என்றார், அம்மா நாறும் என்றார். இருவருக்கும் உள்ளே இருந்த கவலை ஒன்றுதான்: யார் சுத்தம் செய்வது?

அதனால் நான் வாதாடவில்லை. "ஒரு வாரம் மட்டும் வைத்துப் பார்க்கிறேன்மா" என்று கேட்டு, கூடத்தில் பிளாஸ்டிக் விரிப்பு, அதன்மேல் பழைய போர்வை, சுற்றிலும் மடக்கு வேலி வைத்தேன். முதலில் இரண்டும் அட்டைப்பெட்டிக்குள் பதுங்கிக்கொண்டன. சாயங்காலம் மிளகு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஒரே ஓட்டமாக ஓடி, நடுவில் நின்ற இடத்திலேயே நாலு காலும் தரையை விட்டு எழும்ப, உடம்பை முறுக்கிக்கொண்டு குதித்தாள். சமையலறையிலிருந்து ஈரக்கையோடு வந்த அம்மா பயந்துவிட்டார். "என்னடி இது, வலிப்பா?"

"இல்லம்மா, சந்தோஷம் வந்தா இப்படித்தான் குதிக்கும்."

"இத்தனை நாள் ஒரு தடவைகூட குதிக்கலையே," என்றார். அதற்குப் பிறகு அம்மா என் பக்கம்.

நாற்றம் பற்றி: சின்னக் கூண்டில் சிறுநீர் முழுக்க அதே விரிப்பில் ஊறுவதால்தான் அம்மோனியா நெடி மூக்கில் ஏறுகிறது. ஈரத்திலேயே நின்று பாதத்தில் புண்ணும் வரும். பெரிய இடத்தில் அவை பெரும்பாலும் காய்ந்த புல் தின்கிற மூலையிலேயே போகும். அங்கே ஒரு தட்டு வைத்து, தினமும் காலையில் நீங்களே மாற்றுங்கள். நீங்கள் மாற்றுவதை அவர்கள் கண்ணால் பார்க்க வேண்டும். அப்பா அதைப் பார்த்த பிறகுதான் இறங்கி வந்தார்.

"மனிதர்களுக்கே இடம் இல்லை, எலிக்கு இடமா?" என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். ஒரே அறையில் நாலு பேர் படுக்கிற வீட்டை நான் குறை சொல்லவில்லை. இருக்கிற இடத்தைப் பற்றித்தான் பேசுகிறேன். எங்கள் கூடத்து மூலையில் அண்ணனின் உடற்பயிற்சி சைக்கிள் நின்றது. அதில் துணிதான் காயும். அது இடத்தை அடைக்கிறது என்று ஒருவரும் சொன்னதில்லை. சம்பாதிக்கிறவர் வாங்கினால் அது தேவை, நான் கேட்டால் அடம். விருந்தாளி வந்தால் முதலில் பரணுக்குப் போவதும் என் புத்தகங்கள்தான். இதற்கும் கினிப் பன்றிக்கும் சம்பந்தம் இல்லை, தெரியும். ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இப்போது அந்த மூலை பஞ்சுவுக்கும் மிளகுக்கும்.

உங்கள் வீட்டில் மூலையே கிடைக்காவிட்டால் மேசைக்கு அடியில் பாருங்கள், உயரம்தான் வேண்டாமே. இரவில் வேலியைச் சுருக்கிவிடலாம் என்று நினைக்காதீர்கள். இவை இரவு முழுக்கத் தூங்குவதில்லை, விட்டுவிட்டுக் குட்டித் தூக்கம்தான். கேட்பதற்கு முன் சாக்பீஸால் தரையில் அளவைக் கோடு போட்டுக் காட்டுங்கள். ஆறுக்கு மூன்றடி ஒற்றைக் கட்டில் 18 சதுர அடி, நீங்கள் கேட்கிற 7.5 அதில் பாதிகூட இல்லை. நேர் வெயில் விழாத பக்கமாகப் பார்த்துக் கோடு போடுங்கள், சூடு இவற்றுக்கு ஆகவே ஆகாது.