சீனர்களின் ஆங்கிலத்தில் ‘ஓப்பன்’: கேள்வி பதில்

தென்சீனாவின் குவாங்தோங் மாகாணத் தலைநகரான குவாங்சோவில் ஏழு வருடம், வேலைக்குப் போகும் பெரியவர்களுக்கு மாலை வகுப்பில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவன் நான். அங்கே எனக்கு அதிகம் வேலை வைத்தது பெரிய பெரிய சொற்கள் இல்லை, ‘ஓப்பன்’ என்ற சின்னச் சொல்தான், ஏனென்றால் அதை யாரும் அகராதியில் பார்ப்பதில்லை, முதல் வாரமே படித்து முடித்துவிட்டோம் என்று எல்லோருக்கும் நினைப்பு. சீனர்களோடு பழகும் நம்மவர்கள் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்த பதில்கள் இவை. சீன உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் தோராயமாகத்தான் எழுத முடியும், அந்த மொழி படித்தவர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

கேள்வி: சிங்கப்பூரில் இருக்கிறோம். பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டி ‘ஓப்பன் த லைட்’ என்பார். இப்போது என் மகனும் அப்படியே சொல்கிறான். திருத்தவா, விடவா?

பதில்: பாட்டியை விட்டுவிடுங்கள். சீனத்தில் ‘காய்’ என்று ஒரு சொல் (நம் மாங்காய், தேங்காயில் வரும் காய் மாதிரியே ஒலிக்கும், ‘க’வை மட்டும் மூச்சுவிட்டுச் சொல்லவேண்டும்). கதவைத் திறப்பதும் காய், விளக்கைப் போடுவதும் காய். பாட்டி மனதுக்குள் ‘காய் தெங்’ என்று நினைக்கிறார், தெங் என்றால் விளக்கு, வாயில் ‘ஓப்பன் த லைட்’ வருகிறது. நாம் மட்டும் என்னவாம்? லைட்டைப் போடு என்பதை அப்படியே எடுத்து ‘புட் த லைட்’ என்று சொல்லாத தமிழர் வீடு உண்டா? கனடாவின் மான்ட்ரியாலில் பிரெஞ்சு பேசுகிறவர்களின் பழக்கத்தால் ஆங்கிலம் பேசுகிறவர்களும் ‘ஓப்பன் த லைட்’ என்பார்கள். மகனிடம் மட்டும், பள்ளிக் கட்டுரையில் ‘டர்ன் ஆன்’ என்று எழுதச் சொல்லிவிடுங்கள். பாட்டியிடம் பேசும்போது அவன் பாட்டி மாதிரியே பேசட்டும், சிங்கப்பூரில் வளரும் பிள்ளைக்கு இரண்டும் தெரிந்திருப்பது நல்லதுதான்.

கேள்வி: அந்தக் ‘காய்’ எத்தனை வேலைதான் செய்யும்? ஒரு விதி மாதிரி சொல்ல முடியுமா?

பதில்: அந்த எழுத்தின் பழைய வடிவத்தைப் பார்த்தால் பாதி புரிந்துவிடும். இரட்டைக் கதவு, குறுக்கே தாழ்ப்பாள் கட்டை, அதைத் தூக்க இரண்டு கைகள். சீன அரசு 1956-ல் எழுத்துகளை எளிமையாக்கியபோது கதவையே எடுத்துவிட்டார்கள், இப்போது கட்டையும் கைகளும்தான் மிச்சம். என் மாணவர் ஒருவர் “கதவு போனதால்தான் இப்போது எதை வேண்டுமானாலும் திறக்கிறோம்” என்பார். உண்மையில் கதவு இருந்த காலத்திலேயே அந்தச் சொல் எங்கெங்கோ போய்விட்டது. பூ பூப்பது காய், கார் ஓட்டுவது காய், கூட்டம் நடத்துவது காய், பில் போட்டுக் கொடுப்பது காய், மருத்துவர் மருந்து எழுதித் தருவது காய், கேலி செய்வதுகூட காய். அடைபட்டுக் கிடந்த ஒன்றை ஓடவிடுவது, தொடங்கிவைப்பது என்ற எண்ணம் இதில் பெரும்பாலானவற்றுக்கு அடியில் இருக்கிறது.

ஆங்கிலத்து ‘ஓப்பன்’ அவ்வளவு தாராளமில்லை. அதற்கு ஒரு மூடியோ வாயோ உள்பக்கமோ வேண்டும். கதவு, பெட்டி, கடிதம், கண், கடை, வங்கிக் கணக்கு, கணினியில் இருக்கும் ஃபைல். இதிலெல்லாம் இரண்டு மொழியும் கிட்டத்தட்ட ஒத்துப்போகும். இயந்திரம் என்று வந்துவிட்டால்தான் பிரிகிறது. இயந்திரத்தை ஆங்கிலத்தில் ‘டர்ன் ஆன்’ பண்ணவேண்டும், வண்டியை ‘டிரைவ்’ பண்ணவேண்டும். நான் வகுப்பில் சொன்ன விதி இவ்வளவுதான்: திறந்த பிறகு உள்ளே எட்டிப் பார்க்க முடியுமா? முடிந்தால் ஓப்பன். நூற்றுக்கு நூறு சரியான விதி இல்லை, ஆனால் அவசரத்துக்குக் கைகொடுக்கும்.

கேள்வி: சென்னையில் ஐடி சப்போர்ட் வேலை. சீன வாடிக்கையாளர் ‘ஐ கேனாட் ஓப்பன் மை கம்ப்யூட்டர்’ என்று எழுதினார். ஸ்க்ரூவைக் கழற்ற முடியவில்லை என்று நினைத்து, கேபினட்டைத் திறக்கும் வழியைப் படம் போட்டு அனுப்பிவிட்டேன்.

பதில்: எட்டிப் பார்க்கும் விதிப்படி உங்கள் புரிதல் சரிதான், அவர் சொல்ல நினைத்ததுதான் வேறு. கம்ப்யூட்டரை, டிவியை, போனை ‘ஓப்பன்’ பண்ணினேன் என்றால் ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவருக்குக் கையில் ஸ்க்ரூடிரைவர்தான் தெரியும். சீனர் எழுதினால் அது பவர் வரவில்லை என்பதற்கே வாய்ப்பு அதிகம். ஆப், ஃபைல், மெயில் என்று எழுதியிருந்தால் மட்டும் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள், அங்கே ஓப்பன் சரியான சொல். அடுத்த முறை பவர் பட்டனை அமுக்கினால் விளக்கு எரிகிறதா என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டு அப்புறம் படம் அனுப்புங்கள்.

கேள்வி: எங்கள் மேனேஜர் ஷாங்காய்க்காரர். போன் பண்ணினால் ‘ஐ ஆம் ஓப்பனிங் எ மீட்டிங்’ என்று வைத்துவிடுகிறார். தொடங்கி வைத்துவிட்டு வந்துவிடுவார் என்று காத்திருந்தால் இரண்டு மணி நேரம் ஆகிறது.

பதில்: ‘காய் ஹுவேய்’, மீட்டிங்கில் இருக்கிறேன் என்று அர்த்தம். ஆங்கிலத்தில் மீட்டிங்கை ஓப்பன் பண்ணுவது தலைவர் எழுந்து ‘கூட்டம் ஆரம்பமாகிறது’ என்று சொல்லும் அந்த ஒரு நிமிடம் மட்டும். காத்திருக்காமல் சாப்பிடப் போய்விடுங்கள்.

கேள்வி: அண்ணா, ஓர் அனல்மின் நிலையத்தில் சீனத் தொழில்நுட்பர்களோடு வேலை பார்க்கிறேன். ஒருவர் ‘ஓப்பன், ஓப்பன்’ என்று பிரேக்கரை (கரன்ட்டை இணைக்கவும் துண்டிக்கவும் இருக்கும் பெரிய சுவிட்ச்) காட்டினார். ஆன் பண்ணவா, ஆஃப் பண்ணவா என்று தெரியாமல் அப்படியே நின்றுவிட்டேன்.

பதில்: நின்றது நல்லது தம்பி. வந்த கேள்விகளிலேயே சிரிக்க முடியாத கேள்வி இதுதான்.

மின்துறை ஆங்கிலத்தில் பிரேக்கர் ‘ஓப்பன்’ என்றால் இணைப்பு பிரிந்திருக்கிறது, கரன்ட் ஓடாது. ‘க்ளோஸ்’ என்றால் இணைப்பு சேர்ந்திருக்கிறது, ஓடும். வால்வில் இதற்கு நேர்மாறு, ஓப்பன் என்றால் தண்ணீரோ நீராவியோ ஓடும். ஒரே நிலையத்தில் பத்தடி தூரத்தில் ஒரே சொல்லுக்கு இரண்டு எதிர்ப்பொருள், ஆங்கிலேயர்களே பயிற்சி எடுத்துத்தான் பழகுகிறார்கள். அன்றாடச் சீனத்திலோ விளக்கைக் ‘காய்’ பண்ணினால் எரியும், குழாயைக் ‘காய்’ பண்ணினால் தண்ணீர் வரும், இரண்டும் ஒரே பக்கம். சுவிட்சுக்கு அவர்கள் வைத்த பெயரே ‘காய்குவான்’, திற-மூடு. சீன மின்துறையிலும் பிரேக்கருக்குத் தனிச் சொற்கள் உண்டு, சேர்ப்பதற்கு ‘ஹஜா’, பிரிப்பதற்கு ‘ஃபென்ஜா’. அதனால் தன் மொழியில் அவர் குழம்பியிருக்கமாட்டார். ஆங்கிலத்துக்குத் தாவும்போது அவர் தொழில் படித்த ஆளாகத் தாவினாரா, வீட்டில் விளக்கு போடும் ஆளாகத் தாவினாரா என்று வெளியிலிருந்து உங்களால் கண்டுபிடிக்க முடியாது.

ஆகவே அந்த இடத்தில் இந்தச் சொல்லையே பயன்படுத்தாதீர்கள். ‘எனர்ஜைஸ்’ (கரன்ட் கொடுப்பது), ‘டி-எனர்ஜைஸ்’ (கரன்ட்டை நிறுத்துவது) என்று கேளுங்கள், அதுவும் வாயால் மட்டும் வேண்டாம், தாளில் எழுதி வாங்குங்கள். பிரேக்கரிலேயே 1, 0 என்று குறி இருந்தால் அதை விரலால் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள், 1 ஆன், 0 ஆஃப். அவர் எரிச்சல்பட்டால் படட்டும்.

கேள்வி: மலேசியாவில் ஆங்கில ஆசிரியை. என் சீன மாணவர்கள் கடை திறந்திருக்கிறது என்பதற்கு ‘இஸ் ஓப்பனிங்’, ‘இஸ் ஓப்பன்ட்’ என்று எழுதுகிறார்கள். மூடியிருந்தால் ‘இஸ் க்ளோஸ்’. எத்தனை முறை அடித்துத் திருத்துவது?

பதில்: சிவப்பு மையால் தீராது டீச்சர். சீனத்தில் ‘கதவு திறந்தே இருக்கிறது’ என்று சொல்ல, வினைக்குப் பின்னால் ‘ஜ’ என்று ஓர் ஒட்டு வரும், ‘காய் ஜ’. திறந்துகொண்டது என்றால் ‘ல’ ஒட்டு, ‘காய் ல’. பள்ளியில் இந்த ‘ஜ’ ஒட்டைப் பலர் ஆங்கிலத்து ‘இங்’குக்குச் சமம் என்று மனப்பாடம் செய்துவிடுகிறார்கள், ‘ல’வை இறந்தகாலத்து ‘எட்’டுக்குச் சமம் என்று. அப்புறம் ‘த ஷாப் இஸ் ஓப்பனிங்’ வராமல் என்ன செய்யும்? படிக்கும் ஆங்கிலேயர் அந்தக் கடை இனிமேல்தான் திறக்கப்போகிறது என்று திரும்பிப் போய்விடுவார்.

நீங்கள் தமிழர் என்பது இங்கே உதவும். ‘திறக்கிறது’ வேறு, ‘திறந்திருக்கிறது’ வேறு என்று நமக்கு யாரும் சொல்லித்தரவில்லை, அந்த ‘இரு’ தானாகவே வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஆங்கிலத்தில் அந்த ‘இரு’வின் வேலையை ‘இஸ்’ பார்த்துக்கொள்கிறது, பின்னால் வெறும் ‘ஓப்பன்’ போதும், அங்கே அது வினையே இல்லை, ‘பெரிய’, ‘சிவப்பு’ மாதிரி ஒரு பெயரடை. இதை அவர்கள் பிடித்துக்கொண்ட உடனே அடுத்த வம்பு தொடங்கும், அதே கணக்கில் ‘இஸ் க்ளோஸ்’ என்று எழுதுவார்கள். மாணவன் மேல் தப்பில்லை, ஆங்கிலம்தான் ஓரவஞ்சனை செய்கிறது. ஓப்பனுக்கு வினையும் பெயரடையும் ஒரே உருவம், மூடுவதற்கு மட்டும் ‘க்ளோஸ்ட்’ என்று தனி உருவம். ‘க்ளோஸ்’ என்ற பெயரடைக்கு ‘கிட்டே’ என்று அர்த்தம். ‘த பேங்க் இஸ் க்ளோஸ்’ என்றால் வங்கி பக்கத்தில்தான் இருக்கிறது, வா போகலாம்! நான் கடைக்காரர்கள் கதவில் தொங்கவிடும் இரண்டு பக்க அட்டை ஒன்றை வாங்கி வகுப்புச் சுவரில் மாட்டிவைத்தேன், ஒரு பக்கம் ஓப்பன், திருப்பினால் க்ளோஸ்ட். அந்த அட்டை செய்த வேலையை என் பாடம் செய்யவில்லை.

கேள்வி: சீனாவில் எம்பிபிஎஸ் படிக்கிறேன் சார். விடுதியில் ‘ஓப்பன் வாட்டர் ரூம்’ என்று எழுதியிருக்கிறார்கள், உள்ளே வெந்நீர்தான் வருகிறது.

பதில்: ‘காய் ஷுவேய்’, சொல்லுக்குச் சொல் திறந்த தண்ணீர், பொருள் கொதித்த தண்ணீர். ஆங்கிலத்தில் ‘ஓப்பன் வாட்டர்’ என்றால் கரை தெரியாத கடல், பிளாஸ்க்கில் பிடிக்க முடியாது. நீங்கள் வார்டுக்குப் போகும்போது இன்னும் இரண்டு வரும். ‘டாக்டர் ஓப்பன்ட் மெடிசின்’ என்றால் மருந்து எழுதிக் கொடுத்தார். ‘ஓப்பன் நைஃப்’ என்று நோயாளி சொன்னால் பயந்துவிடாதீர்கள், ‘காய் தாவ்’, கத்தியைத் திறப்பது, அதாவது ஆபரேஷன். அப்புறம் ‘காய்ஷின்’, மனம் திறந்திருப்பது, அவர்களுக்கு அதுதான் மகிழ்ச்சி. என் மாணவி ஒருவர் பிறந்தநாள் பற்றிய கட்டுரையில் அன்று முழுக்கத் தனக்கு ‘ஓப்பன் ஹார்ட்’ என்று எழுதியிருந்தார். ஓப்பன் ஹார்ட் சர்ஜரி என்றால் என்ன என்று நான் பலகையில் படம் வரைந்து காட்டவேண்டியதாயிற்று.

கேள்வி: அலுவலகத்தில் ஒரு சீனச் சகா, இந்தியப் பெண்கள் ‘நாட் ஓப்பன்’ என்றார். நான் எதையும் முகத்துக்கு நேரே சொல்கிறவள். எப்படி எடுத்துக்கொள்வது?

பதில்: ஆங்கிலத்தில் ஒருவரை ‘ஓப்பன்’ என்றால் ஒளிவுமறைவு இல்லாதவர், மற்றவர் கருத்தைக் கேட்டுக்கொள்கிறவர். அந்தக் கணக்கில்தான் உங்களுக்குக் கோபம் வந்திருக்கிறது. சீனத்தில் அதற்கு ஈடாக அவர்கள் நினைப்பது ‘காய்ஃபாங்’, திறந்துவிடுவது. நாட்டுக்குச் சொன்னால் அது ரொம்ப மரியாதையான சொல், 1978 டிசம்பரில் சீனத் தலைவர் டெங் சியாவ்பிங் காலத்தில் தொடங்கிய சீர்திருத்தக் கொள்கையின் பெயரிலேயே இருக்கிறது. வெளிநாட்டு முதலீட்டுக்குத் திறந்துவிட 1980-ல் அமைத்த நான்கு சிறப்புப் பொருளாதார மண்டலங்களில் ஷென்ஜென், ஜூஹாய், ஷாந்தோவ் மூன்றும் குவாங்தோங் மாகாணத்தில், நாலாவதான ஷியாமென் மட்டும் பக்கத்து மாகாணத்தில், அதனால் என் மாணவர்கள் அந்தச் சொல்லை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் சொல்வார்கள். அதையே ஒரு பெண்ணுக்குச் சொன்னால் ஆண்-பெண் பழக்கத்தில் தாராளமானவள் என்ற வாடை வந்துவிடும். உங்கள் சகா அநேகமாகக் கட்டுப்பாடானவர்கள் என்று சொல்ல வந்திருப்பார், அவர் மனதில் அது புகழ்ச்சியாகக்கூட இருக்கலாம். எந்த அர்த்தத்தில் என்று சிரித்துக்கொண்டே கேளுங்கள். ஆனால் ஊர்ப் பெண்களையெல்லாம் ஒரே வரியில் அளந்தது அகராதிக் கோளாறு இல்லை, அதற்கு நீங்கள் கோபப்படலாம்.

கேள்வி: ‘ஓப்பன் எ கம்பெனி’ சரியா? ‘ஓப்பன் ஃபயர்’?

பதில்: கம்பெனிக்கு ‘ஸ்டார்ட்’, கடைக்கும் கிளைக்கும் ஓப்பன். துப்பாக்கிச் சூடு தொடங்குவது இரண்டு மொழியிலும் அச்சாக ஒன்றுதான், ‘காய் ஹுவோ’. ‘ஓப்பன் சீக்ரெட்’டும் அப்படியே.

கேள்வி: சீனர்களுக்கு இந்தச் சொல்லில் எளிதான இடம் எதுவும் இல்லையா?

பதில்: உண்டே! ‘புல் ஓப்பன்’, ‘புஷ் ஓப்பன்’, ‘கட் ஓப்பன்’ மூன்றும் அவர்களுக்கு அல்வா. இழு-திற, தள்ளு-திற, வெட்டு-திற என்று சீனத்திலும் அதே வரிசைதான். ஒரே ஆபத்து, ‘தள்ளிப் போ’ என்பதற்கும் சீனத்தில் நட-திற என்றுதான் சொல்வார்கள். மெட்ரோ கூட்டத்தில் என்னிடம் ஒருவர் ‘வாக் ஓப்பன், வாக் ஓப்பன்’ என்று கத்தியிருக்கிறார்.

கேள்வி: சீனர்களைச் சொல்கிறீர்கள், நாம் இந்தச் சொல்லில் தப்பே செய்வதில்லையா?

பதில்: செய்வோம், நானே மாட்டிக்கொண்டேன். ஒருநாள் வகுப்பில் பலகையைத் துடைக்கத் துணி நனைக்கவேண்டியிருந்தது, முன்வரிசையில் இருந்தவரிடம் ‘ப்ளீஸ் ஓப்பன் த டேப்’ என்றேன். குழாயைத் திற, நம் வீட்டில் எல்லோரும் சொல்வதுதானே. அவர் எழுந்திருக்கவே இல்லை, குழாய்க்குள்ளே எட்டிப் பார்க்க முடியுமா சார் என்று கேட்டார்.