பேட்ச், பாஸ்வேர்டு, போலி மெயில்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

கல்லூரி மாணவர்: அண்ணா, பெரிய கம்பெனியின் கணினிகளுக்குள் திருட்டுத்தனமாகப் புகுகிறவர்கள் எல்லாரும் மேதைகளா?

பதில்: அப்படி ஒன்றும் இல்லை தம்பி. 2017இல் அமெரிக்காவின் ஈக்விஃபாக்ஸ் நிறுவனத்திலிருந்து சுமார் 14.7 கோடி பேரின் விவரங்கள் திருடு போயின. கடன் கேட்பவர்களின் வரலாற்றைச் சேர்த்து வைக்கும் நிறுவனம் அது. அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் என்ற மென்பொருளில் இருந்த ஓட்டை வழியாகத்தான் நுழைந்தார்கள். அதற்கான பேட்ச், அதாவது ஓட்டையை அடைக்கும் திருத்தம், மார்ச் மாதமே வந்துவிட்டது. போடச் சொல்லி உள்ளுக்குள் மெயிலும் போனது. ஆனால் வாடிக்கையாளர் புகார் தளத்தில் யாரும் போடவில்லை. மே மாதம் உள்ளே வந்துவிட்டார்கள்.

ஐடி ஊழியர்: ஜூலை கடைசி வரை தெரியவே இல்லையாமே, கண்காணிப்புக் கருவி இல்லையா சார்?

பதில்: இருந்தது, அதுதான் கொடுமை. என்கிரிப்ட் ஆகி, அதாவது மற்றவர் படிக்க முடியாதபடி ரகசியக் குறியாக மாறிப் போகும் தகவலைப் பிரித்துப் பார்க்கும் கருவி அது. அந்த வேலைக்கு அதற்குத் தேவையான சர்டிபிகேட் என்ற டிஜிட்டல் சான்று காலாவதியாகிப் பல மாதம் ஆகியிருந்தது. காவலாளி வாசலில்தான் இருக்கிறார், கண்ணாடி போடவில்லை. ஜூலை 29 அன்று சர்டிபிகேட்டைப் புதுப்பித்ததும் விஷயம் வெளிப்பட்டது. இன்னொன்று: பொது ஃபோல்டர் ஒன்றில் பாஸ்வேர்டுகள் அப்படியே எழுதிக் கிடந்தன. அதை எடுத்துக்கொண்டு வேறு 48 டேட்டாபேஸ்களுக்குள் போய்விட்டார்கள். சிரிக்காதீர்கள், உங்கள் ஆபீசிலும் அப்படி ஒரு எக்செல் ஃபைல் இருக்கும். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் அதன் பெயரே 'பாஸ்வேர்டு புதுசு'.

திருப்பூர் கணக்காளர்: நூல் சப்ளையர் பேங்க் அக்கவுண்ட் மாறிவிட்டதாக மெயில் அனுப்பியிருக்கிறார். பணம் போடலாமா?

பதில்: பொறுங்கள். முகவரியை எழுத்து எழுத்தாகப் படியுங்கள். 'எம்' இருக்க வேண்டிய இடத்தில் 'ஆர்', 'என்' இரண்டையும் ஒட்டிவைத்திருப்பார்கள். சின்ன எழுத்தில் கண்ணுக்கு ஒன்றாகவே தெரியும். முகவரி சரியாக இருந்தாலும் நம்பிவிடாதீர்கள், அவருடைய மெயிலுக்குள்ளேயே யாராவது உட்கார்ந்திருக்கலாம். பழைய பில்லில் உள்ள நம்பருக்குப் போன் போட்டுக் கேளுங்கள், மெயிலில் கொடுத்த நம்பருக்கு வேண்டாம். ஏற்கெனவே போட்டுவிட்டீர்கள் என்றால் பேங்குக்கும், சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கும் இப்போதே சொல்லுங்கள்.

மாணவர் மறுபடி: கற்றுக்கொள்ள ஒரு கம்பெனி தளத்தில் ஓட்டை இருக்கிறதா என்று புகுந்து சோதித்துப் பார்க்கலாமா?

பதில்: அனுமதி இல்லாமல் கூடாது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66ஆவது பிரிவில் 3 ஆண்டு வரை சிறை உண்டு. வீட்டிலேயே ஒரு பழைய கணினியில் சோதனைக்கூடம் போட்டுக்கொள்.

சிறுதொழில் முதலாளி: சர்வர் ஃபைல்கள் எல்லாம் பூட்டிக்கொண்டன, பணம் கேட்கிறார்கள். ஃபார்மேட் அடித்துவிடவா?

பதில்: ஐயோ, வேண்டாம். நெட்வொர்க் கேபிளை மட்டும் கழற்றுங்கள், மெஷினை அணைக்க வேண்டாம். தடயம் மெமரியில் இருக்கும், அணைத்தால் அழிந்துவிடும். பேக்கப் டிரைவ் செருகியிருந்தால் அதையும் பிரித்து வையுங்கள். 2022 உத்தரவுப்படி மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்கு 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். ஏதாவது போலி மெயில் வழியாக இது வந்திருந்தால், அந்த மெயில் எத்தனை மணிக்கு வந்தது, யார் திறந்தார் என்று ஒரு தாளில் குறித்து வையுங்கள். திறந்தவரைத் திட்டாதீர்கள், அப்புறம் அவர் வாயே திறக்கமாட்டார்.