மனநல மாத்திரை சாப்பிட்டால் நோய் எதிர்ப்புச் சக்தி குறையுமா? அண்ணனுக்கு ஏன் வாராவாரம் ரத்தம் எடுக்கிறார்கள்?

எல்லா மாத்திரைக்கும் இந்தக் கெடுபிடி கிடையாது. உங்கள் அண்ணனுக்குக் கொடுப்பது குளோசாபின் என்கிறீர்கள், அது தனி ரகம். என் தம்பியும் அதைத்தான் சாப்பிடுகிறான். மன்னார்குடிப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது.

ரத்த வெள்ளையணுக்களில் நியூட்ரோபில் என்று ஒரு வகை. பாக்டீரியா உள்ளே வந்தால் முதலில் ஓடிப்போய் விழுங்குவது அதுதான். குளோசாபின் சாப்பிடுபவர்களில் நூற்றில் ஒருவருக்கும் குறைவானவர்களுக்கு இது அடியோடு இறங்கிவிடும். பின்லாந்தில் 1975-ல் எட்டுப் பேர் இதனால் இறந்த பிறகு பல நாடுகளில் மருந்தையே நிறுத்தினார்கள். ஆனால் வேறு எதற்கும் மசியாத ஸ்கிசோஃப்ரினியா (மனச்சிதைவு நோய்) இதற்கு மசிகிறது என்று தெரிந்ததால், ரத்தப் பரிசோதனை நிபந்தனையோடு 1990-ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. ஆபத்து அதிகம் முதல் 18 வாரங்களில்தான். அதனால்தான் அப்போது வாராவாரம். அப்புறம் இடைவெளி கூடும்.

லேப் ரிப்போர்ட்டில் நியூட்ரோபில் சதவீதமாக மட்டும் இருந்தால் நீங்களே பெருக்கிக்கொள்ளலாம். டோட்டல் கவுன்ட், அதாவது மொத்த வெள்ளையணு எண்ணிக்கை 6000, நியூட்ரோபில் 55 சதவீதம் என்றால், நியூட்ரோபில் எண்ணிக்கை 3300. வழக்கமாக 1500-க்குக் கீழே போனால் டாக்டர்கள் உஷாராவார்கள்.

நம் பக்கத்துத் தொல்லை காய்ச்சல். ஐப்பசி, கார்த்திகையில் வீட்டுக்கு வீடு ஒருவர் படுத்திருப்பார். "மழைக்காய்ச்சல்தான், கஷாயம் போதும்" என்பார் எங்கள் அத்தை. குளோசாபின் சாப்பிடுபவருக்கு அந்தப் பேச்சு செல்லாது. காய்ச்சலோ தொண்டைவலியோ வந்தால் அன்றைக்கே ரத்தம் பார்க்க வேண்டும். டெங்குவிலும் வெள்ளையணு இறங்கும் என்பதால் குழப்பம் வரும். பார்க்கிற டாக்டரிடம் மாத்திரையின் பெயரை முதலில் சொல்லிவிடுங்கள். இன்னொன்று, கடுமையான தொற்று வந்தால் கல்லீரல் இந்த மருந்தை மெதுவாகத்தான் கழிக்கும். அதே அளவு மாத்திரையிலேயே தூக்கமும் எச்சில் வடிதலும் கூடினால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். நிமோனியா வரும் வாய்ப்பும் இவர்களுக்குக் கொஞ்சம் அதிகம்.

இதையெல்லாம் படித்துப் பயந்து நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். திடீரென நிறுத்தினால் நோய் முன்னைவிட மோசமாகத் திரும்பலாம். 48 மணி நேரத்துக்கு மேல் விட்டுப்போனால் பழைய அளவையே போடக்கூடாது, டாக்டரைக் கேட்டு 12.5 மில்லிகிராமிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். சின்ன ஊர்க் கடைகளில் இந்த மாத்திரை எப்போதும் இருக்காது. கையில் ஓர் அட்டை கூடுதலாக இருக்கும்படி முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.